வண்டிக்கு நாடி பார்ப்பவர்

மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் பக்கத்திலேயே குடியிருப்பதாலோ என்னவோ, அண்ணாச்சி எந்தப் பழைய சைக்கிளைக் கண்டாலும் நாடி பிடித்துவிடுவார். இந்த இனம் ஊருக்கு ஒன்று உண்டு. கடை இருக்காது, போர்டு இருக்காது. என்ன தொழில் என்று கேட்டால், "சும்மா, ஒரு பிரியம்."

ராஜபாளையத்துத் தம்பி ஒருவர் மூன்று கியர் ராலே சைக்கிளை விற்க உருட்டிக்கொண்டு வந்தார். "1940ல வாங்குனதுன்னு தாத்தா சொல்வாக, அண்ணாச்சி."

அண்ணாச்சி வாயைத் திறக்காமல் மண்ணெண்ணெய்த் துணியால் பின் ஹப்பைத் துடைத்தார். கியர் செய்த ஸ்டர்மி ஆர்ச்சர்காரன் ஹப்பிலேயே வருஷத்தைப் பொறித்துவைப்பான். ‘ஏடபிள்யூ’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 52 என்று இருந்தது.

"பெரியவுக கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாக."

"வீல மட்டும் பின்னால மாத்தியிருந்தா?"

நியாயமான கேள்வி. ஹப்பின் வயதுதான் வண்டியின் வயது என்று யாரும் எழுதித் தரவில்லை. ஆனால் நியாயமான கேள்வி என்றால் அண்ணாச்சிக்குக் காது மந்தம். அந்தக் காதைத்தான் அடுத்து ஹப்பில் வைத்தார். பெடலைக் கையால் சுற்றினார். ஒன்றாம் கியரில் சத்தம் வரக்கூடாது. இரண்டிலும் மூன்றிலும் ‘டிக் டிக்’ கேட்க வேண்டும். கேட்டது. முகம் சுருங்கியது. வண்டி நன்றாக இருந்தால் இவருக்கு வருத்தம்.

"எங்க, ஓட்டிக் காட்டுங்க."

இங்கேதான் சூட்சுமம். இந்த கியரில் மூன்றாவது போட்டால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஒன்றாவதில் கால் பங்கு குறையும். ஆடிக் காற்றை எதிர்த்து மிதிக்க அதுதான் கதி. கியர் மாற்றும்போது ஒரு கணம் மிதியை நிறுத்த வேண்டும். தம்பி நிறுத்தவில்லை. போதாததற்கு கேபிளும் தளர்ந்திருந்தது. அப்படியிருந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எதிலும் சேராத ஓர் இடம் உண்டு. பெடல் சும்மா சுற்றும். தம்பியின் நெஞ்சு ஹேண்டில்பாரில் போய் மோதியது.

"பாத்தீகளா? உள்ள பல்லு போச்சு. ரெண்டாயிரத்தக் கழிச்சுக்கோங்க."

பல் ஒன்றும் போகவில்லை. பின் அச்சிலிருந்து வரும் குட்டிச் சங்கிலியோடு கேபிள் சேரும் திருகை நாலு சுற்று முடுக்கினால் சரியாகிவிடும். அண்ணாச்சிக்கு அது நன்றாகவே தெரியும். விலை படியும்வரை முடுக்கமாட்டார், அவ்வளவுதான். அடுத்து, சீட்டு புரூக்ஸ் கம்பெனியுடையது இல்லை, ஆயிரம் போச்சு. செயின் கவர் வேறு, ஐந்நூறு. பெல் மூடி உள்ளூர்ச் சரக்கு. மட்கார்டில் கறுப்புப் பெயின்ட் புதுசு, "எதையோ மறைச்சிருக்காக." கழித்துக்கொண்டே போனதில், தம்பிதான் மேற்கொண்டு பணம் தர வேண்டிவருமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

அவருடைய திண்ணையிலும் ஒரு ராலே நிற்கிறது. அசன்சோலில் சென் ராலே கம்பெனி செய்தது. அடுத்தவர் வண்டி அசன்சோல் என்றால் உதட்டைப் பிதுக்குவார். தன்னுடையது என்றால், "நாட்டிங்ஹாம் ராலேகாரன் கூட்டு வச்சுச் செஞ்சது, தெரியும்ல?" அதிலும் புரூக்ஸ் சீட்டு கிடையாது. பெல்லே கிடையாது. விலை கேட்டால் மட்டும், "இதுக்கெல்லாம் வெல சொல்ல முடியுமா?"

போன வாரம் ஒருவர் சொல்லிவிட்டார். மைக்கில் கூவிக்கொண்டு வந்த பழைய இரும்புக்காரரை வீட்டம்மா நிறுத்தி, கிலோ என்ன ரேட்டு என்று கேட்க, அவர் சென் ராலேயை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"டயரு, சீட்டு, மண்ணு எல்லாத்தையும் கழிச்சுத்தான் எடை போடுவேன், தாயி."