கைமேல் அனுபவம்

வேலைவாய்ப்பு விளம்பரங்களிலும் பொறியியல் கல்லூரிகளின் பயிலரங்க அழைப்பிதழ்களிலும் தவறாமல் இடம்பெறும் 'ஹேண்ட்ஸ் ஆன் எக்ஸ்பீரியன்ஸ்' என்னும் ஆங்கிலத் தொடர், ஒரு வேலையைப் படித்தோ கேட்டோ அறிவதோடு நில்லாமல், தானே தொட்டும் இயக்கியும் பெறுகின்ற நேரடி அனுபவத்தைக் குறிக்கும். இதற்கு மிக நெருங்கிய தமிழ் வழக்கு 'கைமேல்' என்பதாகும். கைமேல் பலன் என்பது சோதிடர்களும் லேகிய வியாபாரிகளும் தாராளமாக வழங்கும் உறுதிமொழி என்றாலும், விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசு வட்டாரத்தில் அப்படியொரு பலன் எவருக்கும் கிட்டிவிடக் கூடாது என்பதற்காகவே 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் நடைமுறையில் இருக்கின்றன.

இவ்வட்டாரத்தின் தொழில் வரலாறே நேரடி அனுபவத்தைத் தேடிச் சென்ற ஒரு பயணத்தில் தொடங்குகிறது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மழைக்காக ஏங்கும் விவசாயிக்குப் பகையான வெயில், குச்சியும் பெட்டியும் காய வேண்டிய தொழிலுக்குக் கூலி கேட்காத வேலையாளாக அமைந்தது. பின்னர் பட்டாசும் வந்து சேர்ந்தது. தீக்குச்சி தயாரிப்பவர் ஒரு குச்சியை உரசிப் பார்த்து மனநிறைவு கொள்ளலாம். பட்டாசு அறைக்குள் அத்தகைய மனநிறைவுக்கு அனுமதி இல்லை.

இங்கேதான் ஆங்கிலத் தொடரின் இலக்கணம் தலைகீழாகிறது. ஒரு சமையற்காரருக்கு முப்பது ஆண்டு அனுபவம் என்றால், அவர் ஆயிரக்கணக்கான முறை சமைத்து, அவற்றில் ஒரு பகுதியைத் தாமே உண்டும் பார்த்திருக்கிறார் என்று பொருள். பட்டாசு ஆலையின் போர்மேனுக்கு, அதாவது பல அறைகளின் வேலையை மேற்பார்க்கும் பொறுப்பாளருக்கு, முப்பது ஆண்டு அனுபவம் என்றால், எதற்காக அந்தப் பொருள் தயாரிக்கப்படுகிறதோ அது அவர் கண்ணெதிரே ஒருநாளும் நிகழவில்லை என்று பொருள். நடக்காதவற்றின் தொகுப்பையே இத்தொழில் அனுபவம் என்று மதிக்கிறது. 'பட்டறிவு' என்னும் அழகான தமிழ்ச் சொல்லையும் இங்கே எச்சரிக்கையோடுதான் புழங்க வேண்டும். பட்ட பிறகு வரும் அறிவைப் பயன்படுத்த ஆள் மிஞ்ச வேண்டுமல்லவா?

சரக்கின் தரத்தை அறிவதிலும் இதே சிக்கல் உண்டு. வெடித்துப் பார்த்த பட்டாசு விற்பனைக்கு இல்லை. விற்பனைக்கு வரும் பட்டாசு வெடித்துப் பார்க்கப்பட்டதில்லை. எனவே சில மாதிரிகளை வெடித்துவிட்டு, அவற்றின் உடன்பிறப்புகளும் அப்படியே நடந்துகொள்ளும் என்று நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலி எழக் கூடாது என்ற வரம்பும் இவ்வாறே, தியாகம் செய்யப்பட்ட சில வெடிகளின் சாட்சியத்தால் நிறுவப்படுகிறது.

அறிவு எவ்வழியில் கிடைக்கிறது என்பதை ஆராய்ந்த சைவ சித்தாந்திகள் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளை முதன்மையாகக் கொண்டனர். காண்டல் என்பது புலன்களால் நேரே அறிவது. கருதல் என்பது அடையாளத்தைக் கொண்டு ஊகிப்பது. உரை என்பது நம்பத்தக்கோர் சொல்லை ஏற்பது. கருதலுக்கு இந்தியத் தருக்க நூல்கள் சலிக்காமல் எடுத்துக்காட்டுவது, மலையில் தெரியும் புகையைக் கொண்டு அங்கே நெருப்பு உண்டு எனத் துணிவதாகும். அந்நூலாசிரியர்கள் சிவகாசிப் பக்கம் வாழ்ந்திருந்தால் வேறு எடுத்துக்காட்டைத் தேடியிருப்பார்கள். புகை தெரிந்தால் இங்கே ஊகத்தைச் சரிபார்க்கப் போகக் கூடாது. 2012 செப்டம்பர் 5 அன்று இவ்வட்டாரத்தின் முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த ஆலையில் வேலையே செய்யாமல், புகையைக் கண்டு பார்க்கவும் உதவவும் ஓடிவந்தவர்கள் அவர்களில் பலர்.

ஆகவே விதிகள் கையை நம்புவதில்லை. ஓர் அறையில் நால்வருக்கு மேல் கூடாது. இரும்புக் கருவி கூடாது. நைலான் புடவை கூடாது, பருத்தி வேண்டும். உடலில் சேர்ந்துள்ள நிலைமின்னூட்டம், அதாவது உராய்வினால் தங்கிவிடும் மின்சாரம், மண்ணுக்குள் இறங்குவதற்காக வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டே உள்ளே போக வேண்டும். கோயில் படியைத் தொட்டுக் கும்பிடும் பழக்கமுள்ள ஊரில் இந்த விதியை விளக்கப் பாடம் எடுக்கத் தேவையில்லை என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

ஆனால் விதி நம்பாத அந்தக் கையில்தான் தொழில் முழுவதும் இருக்கிறது. சட்டகத்தில் வரிசையாகச் செருகிய கம்பிகளை மருந்தில் முக்கி, வெயிலில் காயவைத்து, மீண்டும் முக்கினால் கம்பி மத்தாப்பு உருவாகிறது. அந்த மருந்தில் உள்ள அலுமினியத் தூளும் நைட்ரேட் உப்பும் ஈரத்தில் சேர்ந்தால் தாமாகவே சூடேறக் கூடும் என்பதால், அதைத் தடுக்கச் சிறிது போரிக் அமிலம் சேர்ப்பர். இது வேதியியல் நூலில் உள்ளது. கலவை வழக்கத்துக்கு மாறாகக் கதகதப்பாகிறது என்று கைக்குப் பிடிபடும் கணம் எந்த நூலிலும் இல்லை; அதை 'கை பழகிருச்சு' என்ற இரண்டே சொற்களில் இவ்வூரார் சொல்லி முடித்துவிடுவர். மாலைப் பேருந்தில் கம்பியைப் பிடித்திருக்கும் விரல்களில் சில, வெள்ளி முலாம் பூசினாற்போல் இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகும் நகக்கண்ணில் அலுமினியத்தின் சாம்பல் நிறம் தங்கியிருக்கும். பயிலரங்குகள் மூன்று நாளில் வழங்கும் 'ஹேண்ட்ஸ் ஆன்' சான்றிதழை இதனோடு ஒப்பிட எவரும் துணிவதில்லை.

இத்தனைக்கும் பிறகு, பட்டாசின் இறுதிப் பயனை நேரடியாக அனுபவிப்பவர் யார் என்று பார்த்தால், ஆராய்ச்சி சற்றே தடுமாறுகிறது. வெடிக்காமல் பார்த்துக்கொள்பவருக்குத் தகுதிச் சான்றிதழ், உரிமம், ஆய்வு எல்லாம் உண்டு. வெடிப்பவருக்கு ஓர் ஊதுபத்தி போதும். உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஒட்டித் தமிழக அரசு தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையும் பட்டாசு வெடிக்க நேரம் ஒதுக்கியது. அந்த இரண்டு மணி நேரமும் எந்தத் தெருவிலும் எவரிடமும் முன் அனுபவம் கேட்கப்படுவதில்லை.