போதை ஒன்றுதான், புண் வேறு

கேள்வி: ஹெராயின் ஊசி போட்டுக்கொள்வதில்கூடவா கறுப்பர், வெள்ளையர் வித்தியாசம்?

பதில்: சான்பிரான்சிஸ்கோவின் வீடற்றவர்களிடம் இருந்தது. மானிடவியலாளர் பிலிப் பூர்க்வாவும் புகைப்படக்காரர் ஜெஃப் ஷோன்பெர்க்கும் 1990களில் தொடங்கி, பத்தாண்டுக்கு மேல் அவர்களோடு பழகினார்கள். நரம்பு அகப்படவில்லை என்றால் வெள்ளையரில் பலர் தேடுவதை விட்டுவிட்டுச் சதையிலேயே குத்திக்கொண்டார்கள். கறுப்பர்களில் பெரும்பாலோர் அப்படி விடுவதில்லை. ரத்தம் வழிய வழிய, கை, கால் என்று தழும்பேறிய இடமெல்லாம் தடவி நரம்பைத் தேடுவார்கள்.

கேள்வி: உடல்வாகு அப்படியோ?

பதில்: இல்லவே இல்லை. வாழ்ந்த விதம் அப்படி. அந்த வெள்ளையர்களில் பலர் குடும்பத்தால் கைவிடப்பட்டவர்கள். தங்களையே தோற்றவர்களாகப் பார்த்தார்கள். ஹெராயின் கிடைக்காதபோது வரும் குளிர்நடுக்கமும் வாந்தியும் அடங்கினால் போதும் அவர்களுக்கு. கறுப்பர்களோ, ஒதுக்கப்பட்ட நிலையிலும் உறவினர் வீட்டுக்குப் போய்வந்தார்கள், நன்றாக உடுத்த விரும்பினார்கள், நரம்பில் ஏறும் அந்த முதல் வேகத்தை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். இதையெல்லாம் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: எங்கே குத்தினால் என்ன, விஷம் விஷம்தானே?

பதில்: வரும் நோய் வேறு. அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்போது பெரும்பாலும் விற்றது தார் போன்ற கறுப்பு ஹெராயின். அது சதையில் இறங்கினால் சீழ்க்கட்டி. சில சமயம் உடலையே முடக்கும் பொட்டுலிசம். நரம்பில் பிறர் ஊசியைப் போட்டால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ்-சி அபாயம் அதிகம். எல்லோருக்கும் ஒரே துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தால் பாதிப் பேருக்கு அது பயன்படாது.

கேள்வி: சட்டமாவது சமமாகப் பார்த்ததா?

பதில்: அதுவும் இல்லை. கறுப்பர் குடியிருப்புகளில் அதிகம் புழங்கிய கிராக் கோகைன் 5 கிராம் பிடிபட்டால், 1986 சட்டத்தின்படி குறைந்தது 5 ஆண்டு சிறை. பவுடர் கோகைனுக்கு அதே தண்டனை வர 500 கிராம் வேண்டும். 2010-இல்தான் நூறுக்கு ஒன்று என்ற விகிதம் 18-க்கு ஒன்றானது. இரண்டும் ஒரே கோகைன்!

கேள்வி: சிகிச்சையில்?

பதில்: ஹெராயின் பழக்கத்துக்கு மாற்று மருந்தான மெத்தடோனுக்குப் பெரும்பாலும் தினமும் கிளினிக் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. இதே சிகிச்சைக்கு 2002-இல் அனுமதி பெற்ற பியூப்ரினார்ஃபின் என்ற மருந்தை, டாக்டர் எழுதிக்கொடுத்தால் வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். அது பெரும்பாலும் காசும் காப்பீடும் உள்ள வெள்ளையருக்கே போய்ச் சேர்ந்தது.

கேள்வி: அவர்களாகத் தேடிக்கொண்டது. நாம் ஏன் இரக்கப்பட வேண்டும்?

பதில்: இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பலர் கட்டி பழுத்து உடையும்வரை ஆஸ்பத்திரிப் பக்கமே வருவதில்லை. வந்தவருக்கு முதலில் புண்ணைக் கட்டிவிடுங்கள். விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.