பெரிய பானைக்கு மூடி கிடையாது

டேட்டாபேஸ் சர்வர் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் என்ன செய்வது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். முதலில் கையைக் கட்டிக்கொள். ரீஸ்டார்ட், ரீஸ்டார்ட் என்று அமுக்கிக்கொண்டே இருக்காதே. லாக் ஃபைலின் கடைசி வரிகளைப் படி. டேட்டா டைரக்டரியை அப்படியே வேறொரு டிஸ்க்குக்குக் காப்பி எடு. வைத்தியமெல்லாம் அதற்குப் பிறகு. மைஎஸ்கியூஎல் என்றால் ஃபோர்ஸ் ரெகவரி என்றொரு மருந்து உண்டு. 1 முதல் 6 வரை டோஸ். 4-இலிருந்தே டேட்டா நிரந்தரமாகக் கெடலாம் என்று மேனுவலே மிரட்டும்.

தென்கொரிய அரசு நமக்கு இந்தத் தலைவலியே வைக்கவில்லை. காப்பி எடுக்க டைரக்டரி மிஞ்சினால்தானே?

2025 செப்டம்பர் 26 இரவு, தேஜோன் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரான தேசியத் தகவல் வள மையத்தின் ஐந்தாம் மாடியில் லித்தியம் பேட்டரிகள் பற்றிக்கொண்டன. பேட்டரிக்குப் பக்கத்தில் சர்வர் இருப்பது ஆபத்து என்று பெரியவர்களுக்கு ஞானோதயம் பிறந்து, பேட்டரிகளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றும் வேலை நடந்தது. மாற்றும்போதுதான் தீப்பிடித்தது. 384 பேட்டரிகள் எரிந்தன. அணைக்க சுமார் 22 மணி நேரம். சூசோக் பண்டிகைக்குப் பத்தே நாள் இருக்கையில் தபால் நிலையப் பார்சலும் பணப் பட்டுவாடாவும் முடங்கின.

நின்றுபோன சிஸ்டம் எத்தனை? முதலில் 647 என்றார்கள். பிறகு 709 என்றார்கள். எது எது ஓடுகிறது என்று கணக்கு வைத்திருந்த சிஸ்டமும் அதே கட்டடத்தில் படுத்துவிட்டதாம். கொத்துச்சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வாசலில் நின்று வீட்டில் எத்தனை அறை என்று யோசிக்கிற கதை.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஜி-டிரைவ் என்று ஒன்று. அரசு ஊழியர்களின் கோப்புக் கிடங்கு. ஆளுக்கு 30 ஜிபி. வேலை சம்பந்தமான எதையும் அலுவலகக் கணினியில் வைக்காதே, எல்லாவற்றையும் இதில் போடு என்று 2018-இலேயே வழிகாட்டுதல். மொத்தம் 858 டெராபைட், அத்தனையும் சாம்பல். வெளியே ஒரு பேக்கப்கூட இல்லை. ஏனய்யா என்றால், கொள்ளளவு மிகப் பெரிது, அதனால் எடுக்க முடியவில்லை என்கிறார்கள்.

பானை பெரிசு, அதனால் மூடி போடவில்லை! நான் ஒரு கணக்குச் சொல்கிறேன். 20 டெராபைட் ஹார்ட் டிஸ்க் கடையில் கிடைக்கிறது. 43 வாங்கினால் 858 அடங்கிவிடும். ஒன்று செத்தால் இன்னொன்று வேண்டும் என்று இரண்டு மடங்காகவே வாங்குங்கள், 86. ஒரு தகரப்பெட்டியில் போட்டு வேறு ஊருக்கு அனுப்பலாம். கேட்பது உலகத்துக்கே மெமரி சிப் விற்கிற நாட்டிடம்!

இந்த அரசுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2022 அக்டோபரில் பான்க்யோவில் ஒரு டேட்டா சென்டர் எரிந்து காகாவோடாக் என்ற அரட்டைச் செயலி படுத்தபோது, முழுதாக எழ 127 மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாடாளுமன்றத்தில் அதன் முதலாளியை நிற்க வைத்து அறம் பாடினார்கள். மாற்று ஏற்பாடு இல்லாமல் தொழில் நடத்தலாமா என்றார்கள். டிசம்பரிலேயே சட்டத்தைத் திருத்தினார்கள், தனியாருக்கு. அப்போது இதே தேஜோன் மையத்தின் தலைவர், தீயோ பூகம்பமோ வந்தாலும் மூன்று மணி நேரத்தில் மீட்டுவிடுவோம் என்று மார்தட்டினார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பிள்ளைக்குத் தாலாட்டு வகுப்பு எடுத்துவிட்டுத் தன் தொட்டிலைக் கயிறில்லாமல் விட்டவர்களை இப்போதுதான் பார்க்கிறேன். மூன்று மணி நேரம், ஒரு மாதம் கழித்தும் முடியவில்லை.

அக்டோபர் 3 அன்று, அரசு நெட்வொர்க் கோளாறுகளைக் கவனித்துவந்த ஓர் அதிகாரி உயிரை விட்டார். 56 வயது. இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை. மூடி வாங்கப் பணம் ஒதுக்காதவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். இரவு பகலாகச் சாம்பலைக் கிளறியவர்கள் இந்தப் பக்கம். எந்த ஊரிலும் எங்கள் தொழிலில் இதுதான் வழக்கம்.

ஜி-டிரைவையே முழுதாக நம்பியிருந்தது பணியாளர் நிர்வாக அமைச்சகம். அதாவது, உத்தரவுக்குக் கீழ்ப்படிவது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற துறை. தீக்குப் பிறகு என்ன செய்தார்கள்? மின்னஞ்சல், அச்செடுத்த தாள், முந்தைய ஒரு மாதத்தில் அலுவலகக் கணினியில் தங்கிப்போன கோப்பு என்று துழாவினார்கள். கணினியில் வைக்காதே என்று சொல்லப்பட்ட அதே கணினியில்.

அங்கே எங்கோ ஒரு மேசையில், உத்தரவைக் காதில் வாங்காமல், டெஸ்க்டாப்பில் "புதிய ஃபோல்டர் 3" என்று ஒன்றைப் போட்டு எல்லாவற்றையும் சேர்த்துவைத்த ஒரு ஊழியர் இருப்பார். அவருக்குப் பதக்கம் தர வேண்டாம். விதிமீறல் நோட்டீஸ் போவதற்குள் அந்த ஃபோல்டரையாவது ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.