தாசில்தார் பார்த்த ஐரோப்பா

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவரே இதைப் படிப்பார். மனைவி சிதம்பரம் கீழ வீதிக்காரர். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு தூக்கம் போடும் தூரம்தான். ஆனாலும் எந்த ஊர் பெரிது என்ற வழக்கு அந்த வீட்டில் கல்யாணத்தன்றே பதிவாகி, இன்னும் வாய்தாவில் இருக்கிறது. லண்டனில் வேலை பார்க்கும் மகன் அப்பா அம்மாவை வரவழைத்து லண்டன், பாரிஸ், ஜெனீவா என்று சுற்றிக் காட்டினான். வழக்கும் கூடவே விமானம் ஏறியது.

லண்டனில் பிக் பென், டவர் பிரிட்ஜ், அரண்மனை வாசல் எல்லாவற்றையும் பார்த்தார்கள். எல்லோரும் எடுக்கும் படங்களை எடுத்தார்கள். அம்மா பையிலிருந்த புளியோதரை பூங்கா பெஞ்சில் தீர்ந்தது. தாசில்தாருக்கு உயிர் வந்தது செயின்ட் ஜேம்ஸ் பூங்காவுக்கு எதிரே, வெளியுறவு அலுவலகத்தை ஒட்டிய படிக்கட்டின் உச்சியில்தான். அங்கே வெண்கலத்தில் நின்றுகொண்டிருந்தார் ராபர்ட் கிளைவ்.

"நம்ம ஊர்க்காரன்டா!" என்றார்.

மகன் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான். ஆனால் அப்பா சொன்னதில் அடிப்படை இல்லாமல் இல்லை. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, கம்பெனிக் குமாஸ்தாவாக இருந்த இந்த இளைஞன் மாறுவேடம் போட்டுத் தப்பி வந்து சேர்ந்த இடம் கடலூர் தேவனாம்பட்டினத்தின் செயின்ட் டேவிட் கோட்டை. அதன் பிறகு 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் சென்னை இல்லை, கடலூர். 1756-இல் அதே கோட்டைக்குக் கிளைவ் கவர்னராகத் திரும்பினார். "குமாஸ்தாவா சேர்ந்து பத்துப் பன்னெண்டு வருஷத்துல கவர்னர். நான் ஜூனியர் அசிஸ்டென்ட்டா சேர்ந்து தாசில்தார் ஆகறதுக்குள்ள முடி கொட்டிப் போச்சு" என்று தாசில்தார் சிலையை ஒரு சக ஊழியரின் பொறாமையோடு பார்த்தார்.

பீடத்தைச் சுற்றிப் புடைப்புச் சிற்பங்கள். ஆற்காட்டு முற்றுகை, பிளாசிப் போருக்கு முந்தைய பொழுது, அலகாபாத் உடன்படிக்கை. கடலூர் இல்லை. அம்மா முகத்தில் லேசான மலர்ச்சி. தாசில்தார் அசரவில்லை. 1993-இல் பிரிக்கும் வரை நம்ம ஜில்லாவுக்குத் தென்னார்க்காடு என்றுதானே பெயர், ஆகவே ஆற்காடு என்று போட்டால் பாதி நமக்குத்தான் என்று வருவாய்த்துறை முறைப்படி பங்கு பிரித்துக்கொண்டார். 2020-இல் இந்தச் சிலையை அகற்றச் சொல்லிக் குரல் எழுந்ததை மகன் சொன்னபோது, "எடுக்க வேண்டிய ஆள்தான். முதல்ல என்னை ஒரு போட்டோ எடு" என்றார்.

பாரிஸில் ஈபிள் கோபுரம் மழையில் பாதிதான் தெரிந்தது. லூவ்ரில் மோனலிசா. இரண்டு முழம்கூட இல்லாத பலகை, அதற்கு முன்னால் ஆளுயரத்துக்குக் கைபேசிகள், நகரச் சொல்லும் காவலர்கள். மற்ற நாட்டுக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு இது பழகிய கூட்டம். சிதம்பர ரகசியத்துக்குத் திரை விலகும் ஒரு நொடிக்காக முட்டிமோதி, வெற்று வெளியையும் தங்க வில்வ மாலையையும் பார்த்துவிட்டு நிறைவோடு வெளியே வந்து பழக்கப்பட்டவர் அவர். முழங்கையை லேசாகப் பயன்படுத்தி முன்வரிசைக்குப் போய், கண்ணாரப் பார்த்துவிட்டு வந்தார். "இங்கயாவது ஒரு பொம்பள இருக்கா" என்றார்.

தாசில்தார் விரும்பிப் போன இடம் வேறு. நகராட்சி மாளிகைக்கு முன்னால் இருக்கும் சதுக்கம். பழைய நாளில் மரண தண்டனை நிறைவேற்றும் திடல் அது. 1758 ஜூனில் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்த பிரெஞ்சுத் தளபதி லாலிக்கு 1766 மே மாதம் அங்கேதான் தலை போனது. தேவனாம்பட்டினத்தில் இன்று கோட்டை என்று காட்ட அதிகம் இல்லாததற்குக் காரணமான மனிதர். இதைத் தாசில்தார் தழுதழுத்துச் சொன்னார்.

"உங்க ஊர்க் கோட்டைய இடிச்சதுக்காங்க வெட்டுனாங்க?"

தாசில்தார் கொஞ்சம் தயங்கினார். பொய் சொல்லவும் மனசில்லை. வந்தவாசியில் தோற்று, 1761-இல் பாண்டிச்சேரியையும் ஒப்படைத்ததால் வந்த தேசத்துரோகக் குற்றச்சாட்டு அது. கடலூரை இடித்ததற்கு அந்த ஆளுக்குப் பாராட்டுத்தான் கிடைத்திருக்கும். "அதானே பாத்தேன்" என்று அம்மா குடையை விரித்தார்.

ஜெனீவா முழுக்க அம்மாவின் கட்சி. செர்ன் ஆய்வு நிலையத்தில் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்த இரண்டு மீட்டர் உயர நடராஜர் இருக்கிறார். 2004 ஜூன் 18 அன்று திறந்துவைத்தது. வெளியாள் நினைத்தவுடன் நுழைந்து பார்த்துவிட முடியாத வளாகம். உறவுக்காரப் பையன் ஒருவன் அங்கே ஆராய்ச்சி மாணவனாக இருந்ததால் காரியம் நடந்தது. தீட்சிதரைத் தெரிந்தால் சுலபமாகத் தரிசனம் பார்க்கலாம் என்பதை அறிந்த குடும்பம், இதில் ஆச்சரியப்படவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு அம்மா கும்பிட்டார். ஒரு விஞ்ஞானி காபிக் கோப்பையோடு ஒதுங்கி வழிவிட்டார். பிறகு விசாரணை தொடங்கியது. ஆறு கால பூசை உண்டா? இல்லை. அபிஷேகம்? மழை பெய்யும், குளிர்காலத்தில் பனி கொட்டும் என்றான் பையன். சிதம்பரத்தில் நடராஜருக்கு வருஷத்துக்கு ஆறு அபிஷேகம்தான், அந்தக் கணக்கில் இவருக்குக் குறையில்லை என்று அம்மா அதை ஏற்றுக்கொண்டார். ஏற்க முடியாதது இன்னொன்று. "அங்க மூலவரே ஆனியிலயும் மார்கழியிலயும் தேர்ல ஏறி நாலு வீதியும் வருவாரு. இவரு வந்ததுலேர்ந்து நின்ன இடத்துலயே நிக்கிறாரே."

பையன் சமாளித்தான். பூமிக்கு அடியில் சுமார் நூறு மீட்டர் ஆழத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒரு வளையம் இருக்கிறது பெரியம்மா, அதில் புரோட்டான்கள் வினாடிக்கு 11,000 தடவைக்கு மேல் சுற்றும் என்றான். அம்மா யோசித்தார். கீழே பிரகாரம், அதில் ஓயாமல் பிரதட்சிணம். "அப்ப சரி" என்று விபூதிப் பொட்டலத்தைப் பிரித்துப் பையன் நெற்றியிலும் பூசிவிட்டார். தாசில்தாருக்குப் பேச ஒன்றும் இல்லை. கிளைவ் சிலைக்கு யாரும் செருப்பைக் கழற்றவில்லை.

ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது, லண்டன் வீட்டில் அவர் கடைசி மனுவைப் போட்டார். வேல்ஸில் ரெக்ஸம் என்ற ஊர். அங்கே செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தில் எலிஹு யேல் கல்லறை. அமெரிக்க யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர். சென்னையில் கவர்னராக இருந்தபோது, 1690-இல் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனிக்கு வாங்கியவர். அந்தக் கிரயத்தின் ஷரத்துதான் தாசில்தாரைப் பணிக்காலம் முழுக்க உறுத்தியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்து விற்பனை. சங்கிலி இல்லை, எல்லைக்கல் இல்லை, புல எண் இல்லை. குண்டை எவ்வளவு தூரம் போடுவது என்பது சுடுகிறவன் சாமர்த்தியம் என்று மேலிடத்திலிருந்து குறிப்பு வேறு. சுட்டார்கள்; குண்டு விழுந்த எல்லைக்குள் சிக்கிய ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரோடுதான் வரிகட்டுகிறது. தாசில்தாரின் பூர்வீக நிலம் அங்கே 40 சென்ட். வரப்புத் தகராறு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

ரயிலில் போக வர ஒரு நாள் ஆகுமே என்றான் மகன். பெட்டி கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே கேட்டார்:

"அந்தாளு கல்லறைக்குப் போய் என்ன பண்ணப் போறீங்க? பட்டா மாத்தவா?"