துண்டு போட்டாச்சுல்லா, அப்புறம் என்னலே?

ஏலே, அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வையி. நீ தேய்க்கிற தேய்ப்புல கண்ணாடிதான் தேயும், கிண்டி இன்ஜினியரிங் காலேஜுல ஒரு சீட்டும் காலியாகாது. பல்லு விளக்கும்போது பாத்தே, இட்லிக்கு நடுவுல பாத்தே, கொல்லைப்பக்கம் போகும்போதும் கொண்டுக்கிட்டுப் போனே. கவுன்சிலிங் நடத்துறவுக, "ஐயோ பாவம், கோவில்பட்டிப் பையன் விடாமப் பாக்கானே, ஒரு இடத்தைக் கொடுத்து விடுவோம்"னு மனசு இளகுவாகன்னு நெனப்பா? அப்படின்னா ராத்திரியும் தூங்காதே. நானும் துணைக்கு முழிச்சுக் கிடக்கேன். எனக்கு இருமல்ல எப்படியும் தூக்கம் கிடையாது.

உங்க அம்மா மூக்கைச் சிந்துறதைப் பாத்து, நீ பெயில்தான் ஆயிட்டியோன்னு பயந்து போனேன். விசாரிச்சாத்தானே தெரியுது! மதுரை தியாகராசர் காலேஜுல மெக்கானிக்கல் கிடைச்சிருக்கு. அதையும் வச்சுக்கிட்டு, கிண்டிக்கும் ஆசைப்பட்டு, "அக்செப்ட் அண்ட் அப்வேர்ட்"னு ஒண்ணை அமுக்கிட்டு உக்காந்திருக்கே. இதைப் பெரிய கம்ப்யூட்டர் வித்தைன்னு நெனச்சுக்கிடாதே. நாங்க திருச்செந்தூர் பஸ்ஸுல காலங்காலமாச் செய்றதுதான். ஜன்னல் வழியாத் துண்டைப் போட்டு ஒரு இடத்தைப் பிடிப்போம். உள்ள ஏறினப்புறம், ஜன்னலோரத்துல இருக்கவன் எட்டயபுரத்துல இறங்குவானான்னு ஒரு கண்ணு வைப்போம். இறங்கினா நகந்து உக்காருவோம். இறங்கலைன்னா பிடிச்ச இடத்துலயே ஊரு போய்ச் சேருவோம். துண்டு போட்ட இடத்துல உக்காந்துக்கிட்டே, "எனக்கு இடமில்லையே"ன்னு அழுதவனை நான் பாத்ததில்லை. நம்ம வம்சத்துல நீதான் முதல் ஆளு.

சரி, கிண்டியில இருந்து யாரு இறங்கணும்? உன்னைவிட நாலு மார்க்கு கூட வாங்கினவன் நீட்டும் எழுதியிருப்பான், ஜேஇஇயும் எழுதியிருப்பான். மெடிக்கல் கவுன்சிலிங்ல பேரு வந்தா கிண்டியை உதறிட்டு ஊசி போடப் போயிருவான். திருச்சி என்.ஐ.டி. கூப்பிட்டா பெட்டியைத் தூக்கிக்கிட்டு அங்க போயிருவான். அவன் பணம் கட்டாம விட்ட இடந்தான் ஒண்ணு மாத்தி ஒண்ணு நகந்து உன் பக்கம் வரணும். ஆக, உன் தலையெழுத்து இப்ப எவனோ ஒருத்தன் வீட்டுத் திண்ணையில, "டாக்டருக்கு விடுவோமா, வேண்டாமா"ன்னு அவங்க மாமன்மாரு பேசுற பேச்சுல கிடக்கு. இதுல உன் மூளைக்கு என்ன சோலி இருக்கு?

நேத்து உங்க சித்தப்பன் வந்து, "இன்னும் கொஞ்சம் உருண்டு படிச்சிருக்கலாம்"னு சொல்லிட்டுப் போனான். எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சையை அவன் எத்தனை தடவை எழுதினான்னு கேளு. வேண்டாம், கேக்காதே. நமக்கு அவன்தான் கடனுக்கு விதை தாரான்.

மார்க்கு சங்கதியும் சொல்லுதேன். கணக்குக்கு நூறு, பிசிக்ஸுக்கு அம்பது, கெமிஸ்ட்ரிக்கு அம்பது, கூட்டினா 200. ரெண்டு பேரு ஒரே கட்-ஆஃப்ல நின்னா முதல்ல கணக்கைப் பாப்பாக, அப்புறம் பிசிக்ஸு, அப்புறம் மத்த மார்க்கு. அதுலயும் சரிக்குச் சரியா நின்னா பிறந்த தேதியைப் பாப்பாகளாம், அதுல மூத்தவனுக்குத்தான் முதல் இடமாம். வயசுக்கு மரியாதை கொடுக்கிற இடம் இந்த நாட்டுல இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்குன்னு கேட்டதும் எனக்கு உச்சி குளுந்து போச்சு. நம்ம வீட்டுல மூத்தவனுக்கு ரெண்டாம் டிக்காஷன்தான். பிறந்த தேதியும் ஒண்ணா இருந்தா ரேண்டம் நம்பராம். கம்ப்யூட்டரு கண்ணை மூடிக்கிட்டுக் கொடுத்த பத்து இலக்கம், அதுல பெருசு எதுவோ அதுக்கு ஜெயம். இப்படியெல்லாம் அடுக்கின வரிசையில ரெண்டு படி கீழ நிக்கேன்னு, "நான் எதுக்கும் லாயக்கில்லை தாத்தா"ங்கியே! லாயக்கில்லாதவன்தான். ஆனா அது போன மாசம் தண்ணி பாய்ச்ச விட்டப்பவே எனக்குத் தெரியும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

நீ கோட்டை விட்டது வேற இடத்துல. சாய்ஸ் லிஸ்டை நேத்துதான் கண்ணாடி போட்டுப் படிச்சேன். கிண்டி மெக்கானிக்கலு இருக்கு, சரி. அதுக்குக் கீழ, மதுரைக்கு மேல, என்னத்தையெல்லாம் எழுதி வச்சிருக்கே? ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸு, பிரிண்டிங் அண்ட் பேக்கேஜிங்கு. ரெண்டும் நல்ல படிப்புதான், நான் குறை சொல்லலை. அந்தக் காலேஜே 1794ல வெள்ளைக்காரன் நெலம் அளக்கச் சொல்லிக் கொடுக்க வச்ச சர்வே பள்ளிக்கூடந்தான். அச்சடிப்பைப் பத்தி, சிவகாசியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நாம வாயைத் திறக்கக் கூடாது. ஆனா உனக்கு அதுல ஆசை உண்டுமா? ஒரு அச்சு மிஷினையாவது நின்னு பாத்திருக்கியா? கிண்டின்னு பேரு வந்தாப் போதும்னு எழுதிட்டே. அப்வேர்டுல நாளைக்கு அது வந்து விழுந்தா, மதுரை மெக்கானிக்கலு தானா கையை விட்டுப் போயிரும். "எனக்குப் பழசே போதும்"னு அங்க நின்னு சொல்ல முடியாது. அந்த நேரத்துல அடுத்த பையனுக்கு அது போயிருக்கும். வந்தா வாயை மூடிக்கிட்டு அச்சடிக்கப் படி. உன் கல்யாணப் பத்திரிகையையாவது எழுத்துப் பிழை இல்லாம அடிப்பே.

உங்க பெரியப்பனைக் கூட்டிக்கிட்டு நான் கவுன்சிலிங் போனப்ப இந்த ஆன்லைனெல்லாம் கிடையாது. அது 2018லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாலன்னா நெல்லை எக்ஸ்பிரஸ்ல எக்மோர்ல இறங்கி, அண்ணா யுனிவர்சிட்டி வாசலுக்கே போகணும். எந்தக் காலேஜுல எத்தனை இடம் மிச்சம்னு பெரிய திரையில ஓடிக்கிட்டே இருக்கும். நம்ம கண்ணு முன்னாலயே மூணு ரெண்டாகும், ரெண்டு ஒண்ணாகும். பக்கத்துல ஒருத்தரு, தர்மபுரிக்காரரு, ஒவ்வொரு நம்பரு குறையும்போதும் மகன் தொடையில ஒரு கிள்ளு கிள்ளுவாரு. பையன் உள்ள போகும்போது நொண்டிக்கிட்டே போனான். உள்ள போனா யோசிக்க நேரம் கிடையாது, ஒண்ணைச் சொல்லிட்டு வெளிய வரணும். அப்வேர்டாவது, கீழ்வேர்டாவது! உனக்குப் படுத்துக்கிட்டே கவலைப்பட வசதி செஞ்சு கொடுத்திருக்காக, அனுபவி.

இன்னொரு கூத்து. உரக்கடைப் பக்கம் வெள்ளைச் சட்டையில ஒருத்தன் உங்க அப்பனைப் பிடிச்சு, "கிண்டியில மேனேஜ்மென்ட் கோட்டாவுல முடிச்சுத் தாரேன்"னானாம். உங்க அப்பனும் நெலத்துப் பத்திரம் எந்தப் பெட்டியில இருக்குன்னு என்கிட்ட வந்து கேக்கான். ஏலே, அது அண்ணா யுனிவர்சிட்டியோட சொந்தக் காலேஜு. தனியார் காலேஜுல உள்ள மேனேஜ்மென்ட் கோட்டா அங்க கிடையவே கிடையாது. இல்லாத சீட்டை விக்க வந்தவனுக்கு இருக்கிற நெலத்தை எழுதிக் கொடுக்கப் பாத்தவன் பெத்த பிள்ளை நீ. கவலைப்படுறது ரத்தத்துலயே இருக்கு போல.

மதுரைக் காலேஜை 1957ல கருமுத்து தியாகராசச் செட்டியார் கட்டினாரு. மில்லு முதலாளி, காசோட அருமை தெரிஞ்ச மனுசன், சும்மா ஒரு இடத்தைக் கட்டி வச்சிருக்க மாட்டாரு. கிண்டியோ, நீ இல்லாமலேயே இருநூறு வருசத்துக்கு மேல ஓடியிருக்கு. அது வந்தா வரட்டும். வரலைன்னா, திருப்பரங்குன்றத்துல இறங்கி முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு காலேஜுக்குப் போ.

இப்ப எந்திரி. அப்வேர்டு போட்டவுக கெடுவுக்குள்ள கவுன்சிலிங் சேவை மையத்துல பணம் கட்டலைன்னா, கிண்டியை விடு, கையில இருக்க மதுரையும் போயிரும். இதை உங்க சித்தப்பனும் சொல்லலை, அந்த வெள்ளைச் சட்டையும் சொல்லலை. சர்டிபிகேட்டு பை பீரோ மேல இருக்கு. பணத்தைக் கட்டி ரசீதை வாங்கிட்டு, வரும்போது எனக்கு நூறு கிராம் கடலை மிட்டாய் வாங்கிட்டு வா.