அப்பாவின் கேரியரும் மருமகனின் கேரியரும்

எழுபதுகளில் தேனி டாக்ஸி ஸ்டாண்டில் கூரையில் சாமான் ஏற்றும் கேரியர் இல்லாத அம்பாசடரைப் பார்ப்பது அரிது. வண்டி வாங்கியதும் முதல் செலவு பெர்மிட்டுக்கு, அடுத்த செலவு கேரியருக்கு. வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்து இரும்புக் கம்பியில் செய்து வாங்குவார்கள். கூரையின் இரு ஓரமும் மழைநீர் வடிய ஒரு விளிம்பு ஓடும். அந்த விளிம்பில் ரப்பரை வைத்துக் கொக்கியை மாட்டி, நட்டை முடுக்கினால் வேலை முடிந்தது. என் அப்பா அந்த ஸ்டாண்டில்தான் வண்டி ஓட்டினார். எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டதில் அந்தக் கேரியருக்கும் பங்கு உண்டு. இன்று கார்களின் தலையில் கேரியர்களைப் பார்க்கும்போது சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

அன்று கேரியர் சும்மா இருந்த நாள் குறைவு. கல்யாணம் என்றால் கட்டில், பீரோ, அண்டா, குத்துவிளக்கு எல்லாம் மேலே ஏறும். முகூர்த்த மாதம் இல்லையென்றால் வாழைத்தார், தேங்காய் மூட்டை, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவர்களின் பாய், தலையணை. கார்த்திகை பிறந்துவிட்டால் கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு வழியாக எருமேலிக்குப் போகும் சாமிகளின் மூட்டை முடிச்சு. ஆறு பேரும் அவர்கள் சாமானும் ஒரே வண்டியில் போக வேண்டும் என்றால் கூரையை விட்டால் வேறு இடம் கிடையாது.

அப்பா லோடு கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கனமான சாமானை அடியில் நடுவாக வைப்பார். முன்பக்கம் தாழ்வாகவும் பின்னால் போகப்போக உயரமாகவும் அடுக்குவார். தார்ப்பாயின் முன் ஓரத்தை லோடுக்கு அடியில் கொடுத்து, அதன் மேலேயே மூட்டையை அழுத்தி வைப்பார். அதற்குப் பிறகுதான் கயிறு. "முன்னாடி வாய் திறந்திருந்தா காத்து உள்ள பூந்து தார்ப்பாயைக் கிழிச்சுடும். அதோட வண்டியைப் பின்னாடி இழுக்கும்" என்பார். காற்றியல் என்ற சொல்லை அவர் கேட்டதில்லை. ஆனால் காற்றின் முகத்துக்கு நேராகச் செங்குத்தான சுவரை நிறுத்தக் கூடாது, சரிவு கொடுக்க வேண்டும் என்ற அதன் அடிப்படையை ஸ்டியரிங் வழியாகவே அறிந்திருந்தார்.

அம்பாசடரின் உருவமும் காற்றை நினைத்து வரைந்தது அல்ல. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கி 2014 வரை அதை உற்பத்தி செய்தார்கள். உருண்டை முகம், வெளியே துருத்திய விளக்குகள், நிமிர்ந்த கண்ணாடி. பெட்ரோல் வண்டி லிட்டருக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர் கொடுத்தால் அப்பா திருப்தியாக இருப்பார். கேரியரால் மைலேஜ் போகிறது என்று ஸ்டாண்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. அவர்கள் பேசாததற்குக் காரணம் அன்றைய சாலைதான்.

இரண்டு பக்கமும் புளியமரம், ஒரு வண்டி ஒதுங்கினால்தான் இன்னொரு வண்டி போகும் தார்ச்சாலை. மாட்டு வண்டி, ஆட்டு மந்தை, ரயில்வே கேட் என்று எல்லாவற்றையும் தாண்டிப் போனால் சராசரி 40 கிலோமீட்டர் வேகம் வந்தாலே பெரிது. அந்த வேகத்தில் காற்று பெரிய எதிரி அல்ல. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவைப்படும் சக்தியோ எட்டு மடங்கு. 1,200 கிலோ எடையுள்ள இன்றைய நடுத்தரக் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சக்கரங்கள் உருள்வதற்குச் சாலை காட்டும் எதிர்ப்பு ஏறக்குறைய 12 கிலோ எடையின் இழுவை. வேகம் எதுவானாலும் இது அதிகம் மாறாது. காற்றின் எதிர்ப்பு 40 கிலோமீட்டர் வேகத்தில் வெறும் 5 கிலோ. அதே கார் 100 கிலோமீட்டரில் போனால் 32 கிலோ. அப்பாவின் வண்டியை இழுத்துப் பிடித்தது சாலை. இன்றைய நான்குவழிச் சாலையில் வண்டியை இழுத்துப் பிடிப்பது காற்று.

காரின் உருவம் மாறியதற்கு எண்ணெய் நெருக்கடி ஒரு பெரிய காரணம். 1973-ல் பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் ஏறக்குறைய நான்கு மடங்கு விலையேறியது. அதன் பிறகு கார் நிறுவனங்கள் காற்றுச் சுரங்கங்களில் உட்கார்ந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் செதுக்கத் தொடங்கின. 1982-ல் வந்த ஆடி 100 காரின் இழுவைக் கெழு, அதாவது அதன் உருவம் காற்றில் எவ்வளவு இழுபடும் என்பதைக் காட்டும் எண், 0.30. ஜன்னல் கண்ணாடி பள்ளத்தில் உட்காராமல் உடம்போடு ஒட்டி நிற்கும்படி அதை வடிவமைத்தார்கள். இன்று மெர்சிடிஸ் இ.க்யூ.எஸ். மின்காருக்கு அந்த எண் 0.20. சைடு மிரரின் வளைவு, வைப்பரை பானட்டுக்குள் ஒளிப்பது, வண்டியின் அடிவயிற்றைத் தகடு போட்டு மூடுவது என்று 0.01 குறைப்பதற்குப் பொறியாளர்கள் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள்.

இவ்வளவு உழைப்பில் உருவான காரின் உச்சியில்தான் இன்று நாம் ஒரு இரும்புச் சட்டத்தை முடுக்கி வைக்கிறோம். காற்றை மதிக்காத உருவம் கொண்ட அன்றைய வண்டி, காற்று தொந்தரவு செய்யாத வேகத்தில், சாமான் நிரம்பிய கேரியரோடு போனது. காற்றுக்காகவே செதுக்கப்பட்ட இன்றைய வண்டி, காற்று மிகக் கடுமையாக இருக்கும் வேகத்தில், காலியான கேரியரோடு போகிறது. எனக்குத் தாங்காத முரண் இதுதான்.

என் அக்கா மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். எஸ்.யூ.வி. வைத்திருக்கிறான். மாதம் தவறாமல் சேலம், கரூர் வழியாக ஊருக்கு வருவான். கேரியர் மாட்டியது ஒருமுறை வீடு மாற்றும்போது. அதற்குப் பிறகு அதில் ஒரு பையைக்கூட ஏற்றி நான் பார்த்ததில்லை. "கம்பெனிக்காரன் சொன்ன மைலேஜ் வரவே மாட்டேங்குது மாமா" என்று குறைப்பட்டான். "மேல இருக்கிறதைக் கழட்டிட்டு ஓட்டிப் பாரு மாப்ளே" என்றேன். "காலியாத்தானே இருக்கு, அது என்ன வெயிட்டு?" என்று கேட்டான்.

பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. கேரியரின் எடை இங்கே பெரிய பிரச்சினை இல்லை. முன்கண்ணாடியில் மோதி மேலே ஏறும் காற்று, கூரைக்கு வரும்போது காரின் வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் பாய்கிறது. சரியாக அந்த இடத்தில்தான் கேரியரின் கம்பிகள் குறுக்கே நிற்கின்றன. உருண்டைக் கம்பி பார்க்க மென்மையானது, காற்றுக்கோ மிக மோசமான உருவம். அதே பருமனில் மீன் உடம்பைப் போல முன்னால் உருண்டு பின்னால் கூம்பிய கட்டை ஒன்றை வைத்தால், எதிர்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். உருண்டைக் கம்பிக்குப் பின்னால் காற்று ஒட்டிக்கொண்டு போக முடியாமல் பிய்ந்து, இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழல்களாக உதிர்கிறது.

அந்தச் சுழல்களைக் காதால் கேட்கலாம். ஜன்னலை ஏற்றிவிட்டு 80-ஐத் தாண்டும்போது கேரியர் வைத்த காரின் கூரையிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வரும். 2 சென்டிமீட்டர் கம்பி 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு ஏறக்குறைய 280 ஜோடிச் சுழல்களை உதிர்க்கும். நாம் கேட்பது அந்த அதிர்வைத்தான். ஒவ்வொரு சுழலையும் சுற்றிவிடுவதற்கான சக்தி நம் டாங்கிலிருந்து போகிறது. அந்த ஓசை கேட்கிற நேரமெல்லாம் பெட்ரோல் வீணாகிறது என்று அர்த்தம்.

எவ்வளவு வீணாகிறது? லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் ஆலன் மையரும், தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தின் யூச்சே சென்னும் அமெரிக்காவில் கணக்குப் போட்டு 2016-ல் வெளியிட்டார்கள். 2015-ல் அந்த நாட்டில் கூரைக் கேரியர்களால் மட்டும் கூடுதலாக எரிந்த பெட்ரோல் ஏறக்குறைய 10 கோடி காலன், அதாவது சுமார் 38 கோடி லிட்டர். அமெரிக்க அரசின் எரிபொருள் வழிகாட்டி, கூரையில் வைக்கும் பெரிய சாமான் பெட்டியால் ஊருக்குள் 2 முதல் 8 சதவீதமும், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதமும், மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் 10 முதல் 25 சதவீதமும் மைலேஜ் குறையும் என்கிறது. அதே அளவு சாமானைக் காரின் பின்னால் தொங்கும் பெட்டியில் வைத்தால் நெடுஞ்சாலையில் இழப்பு 1 முதல் 5 சதவீதம்தான். காரின் உடம்பு ஏற்கெனவே பிளந்துவிட்ட காற்றின் நிழலில் அது ஒளிந்துகொள்வதால் வரும் லாபம் இது.

மருமகன் சொன்ன கம்பெனி மைலேஜுக்கும் ஒரு விளக்கம் உண்டு. நம் நாட்டில் விளம்பரத்தில் வந்துகொண்டிருந்த மைலேஜ் எண், உச்ச வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டாத ஒரு சோதனைச் சுற்றில் அளந்தது. கூரையில் கேரியரும் அந்தக் கணக்கில் கிடையாது. கேரியரோடு 110-ல் போகிறவர் அந்த எண்ணை எதிர்பார்க்க முடியாது.

கடைசியில் அவன் கழற்றினான். டாங்க் ஃபுல் செய்து ஓட்டி, மறுபடி ஃபுல் செய்து அளந்தான். அதே சாலை, அதே வேகம். லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூடியிருந்தது. "சத்தமும் நின்னுபோச்சு மாமா" என்று போனில் சொன்னான்.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் கார் ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடினால் சுமார் 830 லிட்டர் வேண்டும். அதில் 10 சதவீதம் கூடினால் 83 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 8,300 ரூபாய். மின்கார் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் நேரடியாகத் தெரியும். மோட்டார் வீணடிப்பது குறைவு என்பதால், நெடுஞ்சாலையில் பேட்டரியின் பெரும்பகுதியைத் தின்பது காற்றுதான். கேரியர் வைத்தால் அடுத்த சார்ஜிங் நிலையம் சீக்கிரமே தேவைப்படும்.

கேரியரே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அதை வைத்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. டாக்ஸி ஓட்டுகிறவர்களுக்கும் சபரிமலை, பழனி என்று குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கும் அது தேவைதான். அவர்களுக்கு என் அப்பாவின் முறையையே சொல்வேன். முதலில் டிக்கியை நிரப்புங்கள், மிஞ்சியதை மட்டும் மேலே ஏற்றுங்கள். கனமானது அடியில், முன்பக்கம் தாழ்வாக, தார்ப்பாயின் வாய் மூடியிருக்கட்டும். பல கார்களில் கூரை தாங்கும் எடை 50 முதல் 75 கிலோதான் என்று கையேட்டில் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு ஏற்றுங்கள். வேகத்தை 100-லிருந்து 80-ஆகக் குறைத்தால் காற்றின் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். 100 கிலோமீட்டர் தூரத்துக்குக் கூடுதலாக ஆவது 15 நிமிடம்தான்.

மற்றவர்களிடம் ஒரே வேண்டுகோள். ஊருக்குப் போய் வந்ததும் சாமானை இறக்கும் கையோடு கேரியரையும் கழற்றி வையுங்கள். குறுக்குக் கம்பிகளையும் சேர்த்துக் கழற்றுங்கள். ஒரு ஸ்பேனரும் அரைமணி நேரமும் போதும். எஞ்சினைத் தொடாமல், ஒரு ரூபாய் செலவில்லாமல் மைலேஜைக் கூட்ட இதைவிட எளிய வழி கிடையாது.