சர்வரை விட்டுப் போன டிஸ்க்

நான் சென்னையில் சிஸ்டம் அட்மினாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு சர்வரின் டிஸ்கும் அந்தந்தச் சர்வருக்குள்ளேயே இருந்தது. மெயில் சர்வர் இடமில்லாமல் திணறும். பக்கத்து ரேக்கில் பிரிண்ட் சர்வரின் டிஸ்க் முக்கால்வாசி காலியாகக் கிடக்கும். இதிலிருந்து எடுத்து அதற்குக் கொடுக்க வழியில்லை. ஒரு ரேமை மாற்றக்கூட ஞாயிறு இரவு டவுன்டைம் வாங்கியாக வேண்டும்.

2003-ல் விஎம்வேர் விமோஷனைக் கொண்டுவந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வி.எம். (மெய்நிகர் கணினி) நிற்காமலே வேறு ஹோஸ்டுக்கு மாறியது. நெட்வொர்க் வழியே போவது மெமரியில் உள்ளது மட்டும்தான், டிஸ்க் நகராது. அதனால் இரண்டு ஹோஸ்டுகளும் ஒரே ஸ்டோரேஜைப் பார்த்தாக வேண்டும். எங்களிடம் டிஸ்க் சர்வரை விட்டு வெளியேறியது இப்படித்தான்.

முதலில் எங்களுக்குக் கிடைத்தது ஃபைபர் சேனல். அதற்குத் தனி ஸ்விட்ச், தனி கேபிள், தனி டீம். யூசர்களின் ஃபைல்களுக்கு வேறொரு பெட்டி. பிறகு நெட்ஆப் போன்றவர்களின் யூனிஃபைடு ஸ்டோரேஜ் எங்களுக்கு வந்தது. ஃபைபர் சேனல், ஐஸ்கசி, என்எஃப்எஸ், விண்டோஸ் ஷேர் எல்லாம் ஒரே பெட்டியில். 2006-ல் வந்த விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ் 3 என்எஃப்எஸ்ஸிலும் வி.எம்.களை வைக்கவிட்டது. 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய பழைய நெறிமுறை அது. அதை நம்பி டேட்டாபேஸை வைப்பதா என்று பலர் தயங்கினார்கள். எனக்கு அது பிடித்துப்போனது. வி.எம்.மின் டிஸ்க் அதில் வெறும் ஒரு ஃபைல். பெட்டி எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட்டைத் திறந்தால் நேற்றைய ஃபைல் கண்ணெதிரே இருக்கும்; அந்த ஒன்றை மட்டும் மீட்கலாம். ஃபைபர் சேனல் வழி ஹோஸ்டுக்கு ஒரு டிஸ்க் போலத் தெரியும் லன் என்றால் அது முழுவதையும் குளோன் செய்து, ஹோஸ்டில் மவுண்ட் செய்து, பிறகுதான் தேட முடியும்.

வி.எம்.களைப் பொது ஸ்டோரேஜில் வைத்த பிறகுதான் சில குறைகள் தெரிந்தன. விண்டோஸ் 2003 தன் பார்ட்டிஷனை 63 செக்டார் தள்ளி, அதாவது 31.5 கேபி தாண்டித் தொடங்கும். எங்கள் ஸ்டோரேஜ் எழுதுவதோ 4 கேபி பிளாக்குகளாக. 31.5 நாலால் வகுபடாது. அதனால் வி.எம். ஒரு பிளாக்கைக் கேட்டால் பெட்டி இரண்டைப் படிக்கும். தனி சர்வரில் யாரும் கவனிக்காத இந்தப் பிசகு, நூற்றுக்கணக்கான வி.எம்.கள் ஒரே கன்ட்ரோலரில் சேர்ந்ததும் எல்லாவற்றையும் மந்தமாக்கியது. ஒவ்வொன்றாக நிறுத்தி, பார்ட்டிஷனை நேராக்கி, காலைக்குள் எழுப்ப வேண்டும். விண்டோஸ் 2008 ஒரு எம்பி எல்லையில் தொடங்கியதால் புது வி.எம்.களில் இந்தத் தொல்லை ஒழிந்தது.

இப்போது எல்லாம் ஃப்ளாஷ். வி.எம்.களை வைக்கும் டேட்டாஸ்டோர் நிமிடங்களில் தயார். இதற்கிடையே 2012-ல் வந்த விஎம்வேரின் விஸ்பியர் 5.1-இல் பொது ஸ்டோரேஜ் இல்லாமலே விமோஷன் செய்ய முடிந்தது. 2014-ல் அவர்களுடைய விசான் வந்தபோது டிஸ்குகள் மறுபடி சர்வர்களுக்குள்ளேயே போயின. ஆனால் இம்முறை அவை எல்லாச் சர்வர்களுக்கும் பொது. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் ஸ்டோரேஜை அறிந்த தனி ஆட்கள் குறைந்துகொண்டே வருவது எனக்குக் கவலையாக இருக்கிறது.

"மணிக்கொரு ஸ்னாப்ஷாட் இருக்குண்ணா, பேக்கப் எதுக்கு?" என்று டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி அண்மையில் கேட்டான். ஸ்னாப்ஷாட்டும் அசலும் ஒரே டிஸ்குகளைத்தான் பகிர்கின்றன என்பதை வெள்ளைப் பலகையில் வரைந்து காட்டினேன். பெட்டி போனால் இரண்டும் சேர்ந்தே போகும். அன்று மாலையே வேறு ஊரில் இரண்டாவது பெட்டி கேட்டு பட்ஜெட் மனு எழுத உட்கார்ந்தோம். அவன்தான் எழுதினான்.